முன்சக்கர இயக்கக் காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, முன்சக்கரங்களால் இயங்கும் கார் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஏற்க முடியாது என்று முடிவுகட்டியிருந்தது. இவ்வகைக் கார்களைப் பல ஆண்டுகளாகச் சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டி வருபவன் என்ற முறையில் அந்த முடிவை மறுக்க வேண்டியவனாக இருக்கிறேன்.

கட்டுரையாளர் சுட்டும் குறை உண்மையானதுதான். முன் டயர்கள் காரைத் திருப்ப வேண்டும், இழுக்கவும் வேண்டும். பிரேக்கின் பெரும்பங்கும் அவற்றின் மீதே விழுகிறது. ஒரு டயருக்குள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு உட்பட்டது என்பதால், இழுவைக்குச் செலவாகும் அளவுக்குத் திருப்பத்துக்கு மிஞ்சுவது குறைகிறது. போதாததற்கு, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்பக்கம் சாய்வதால், அழுத்தம் அதிகம் தேவைப்படும் முன்சக்கரங்களே லேசாகிவிடுகின்றன. குறுகிய வளைவிலிருந்து அவசரப்பட்டு வெளியேறும்போது உட்புறச் சக்கரம் வெறுமனே சுழல்வதையும், இன்ஜினின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போக, காரின் மூக்கு வளைவின் வெளி ஓரத்தை நோக்கி நழுவுவதையும், ரப்பர் கருகும் வாடையோடு நானே பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் குறையில் பெரும்பகுதி, இன்ஜினின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பங்கிடும் பற்சக்கர அமைப்பான சாதாரண டிஃபரன்ஷியலால் வருவது. பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குமோ, அவ்வளவைத்தான் அது மற்றச் சக்கரத்துக்கும் கொடுக்கும். என் காரில் சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலைப் பொருத்திய பிறகு, அதே வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது வெளிப்புறச் சக்கரம் காரை வளைவுக்குள் இழுத்துச் சென்றது. மூக்கு உள்நோக்கித் திரும்பியதை ஸ்டீயரிங்கில் கைகள் தெளிவாக உணர்ந்தன. ஹோண்டா 1995-இல் இன்டெக்ரா டைப் ஆர் காரை, டர்போ இல்லாத 1.8 லிட்டர் இன்ஜினோடும் இத்தகைய டிஃபரன்ஷியலோடும் வெளியிட்டது. இதுவரை தயாரிக்கப்பட்ட முன்சக்கர இயக்கக் கார்களில் ஓட்டுவதற்கு அதுவே சிறந்தது என்று கருதுவோர் இன்றும் பலர்; நானும் அவர்களுள் ஒருவன்.

ராலிப் பந்தய வரலாற்றையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். மான்டே கார்லோ ராலியை எரிக் கார்ல்சன் 1962, 1963 ஆண்டுகளில் சாப் காரில் வென்றார். 1964, 1965, 1967 ஆண்டுகளில் மினி கூப்பர் வென்றது. பனியிலும் ஈரத்திலும், இன்ஜினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்திருப்பது எத்தனை பெரிய பலம் என்பதற்கு அந்த வெற்றிகளே சான்று.

குதிரைத்திறன் கூடக்கூட ஸ்டீயரிங் கையை விட்டு ஒரு பக்கம் இழுக்கும் தொல்லையும் பெரிதாகிறது என்பது சரியே. நீளம் வேறுபடும் அச்சுத்தண்டுகளும், சக்கரம் திரும்பும் அச்சு டயரின் நடுவிலிருந்து விலகியிருப்பதும் அதற்குக் காரணங்கள். அந்த விலகலைக் குறைக்கும் முன் சஸ்பென்ஷன் அமைப்புகளை ரெனோ, ஃபோர்டு, ஹோண்டா ஆகிய நிறுவனங்கள் உருவாக்கியதால்தான் 300 குதிரைத்திறன் முன்சக்கரங்களுக்கு அடங்கியது. ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.6 கிலோமீட்டர் சுற்றை ரெனோ மெகான் 2008-இல் ஏறத்தாழ 8 நிமிடம் 17 விநாடிகளில் முடித்தது. 2019-இல் மெகான் டிராஃபி ஆர் அதை 7 நிமிடம் 40 விநாடிகளுக்குக் கொண்டுவந்தது. 300 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட திறனை நின்ற இடத்திலிருந்து தரையில் இறக்குவதில் பின்சக்கர இயக்கமே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கவலை அளித்தது கட்டுரையின் கடைசிப் பத்தி. முன்சக்கர இயக்கக் கார் நிலைதவறினால் நேராகத்தான் வழுக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரியாகிவிடும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. மெதுவாகக் காலைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். வேகமான வளைவின் நடுவில் சட்டென்று எடுத்தாலோ எடை முன்னுக்குப் பாய்ந்து, பின் டயர்கள் பிடிப்பை இழந்து, காரின் வால் சுழன்றுவிடும். 1984-இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ இந்தக் குணத்துக்குப் பேர்போனது. ஈரமான தடத்தில் மூன்றாம் கியரில் பயந்துபோய் நான் காலை எடுத்த ஒருநாள், அடுத்த கணமே வந்த வழியைப் பார்த்தபடி என் கார் நின்றது. தடத்தில் வேறு கார் இல்லாததால் தப்பினேன்.

ஆகவே அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய கார்களைப் பற்றி எழுதும்போது, எந்தச் சக்கரங்கள் இயக்குகின்றன என்பதோடு, எந்த வகை டிஃபரன்ஷியல், எந்த டயர், வளைவில் காலை எடுத்தால் கார் எப்படி நடந்துகொள்கிறது என்பவற்றையும் ஓட்டிப் பார்த்து எழுதச் செய்தால், வாசகர்களுக்கு மிகவும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்