வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: மீட்டர் முள் 24-இல் நின்றது ஏன்?

குன்னூர்,
பிப்ரவரி 2026

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மவுண்ட் ரோட்டில் இருக்கும் நம் ஏசி கடையிலிருந்து எழுதுகிறேன். கடை தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் அழைப்பீர்கள், நாங்கள் வருவோம், வேலை முடிந்ததும் ஒரு தேநீர் கொடுத்து அனுப்புவீர்கள். எது சொல்ல வேண்டுமானாலும் அந்தத் தேநீர் நேரத்தில் சொல்லிக்கொண்டோம். கடிதம் எழுதத் தேவைப்பட்டதில்லை. இப்போது தேவைப்பட்டிருக்கிறது. கட்டணம் உயர்கிறது, மூத்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டார், எங்களைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உங்களில் பலர் 'அண்ணன் வருவாரா?' என்று கேட்டுத்தான் எங்களை அழைப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் எங்களோடு இருந்த அந்த அண்ணன், பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கோவைக்குப் போய்விட்டார். பிள்ளைகளின் படிப்பு அங்கே. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது நானும் இரண்டு இளைஞர்களும்தான் இருக்கிறோம். ஒருவர் ஐடிஐ முடித்து இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் வேலை செய்பவர், இன்னொருவர் புதியவர். கோத்தகிரியிலும் கேத்தியிலும் ஒரே நாளில் ஏசி நின்றுபோனால் ஒரு வீடு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

மார்ச் 1 முதல் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யும் சர்வீஸுக்குக் கட்டணம் 650 ரூபாயிலிருந்து 800 ஆகிறது. உதகைக்கும் கோத்தகிரிக்கும் பயணச் செலவாக 150 ரூபாய் கூடுதல். செம்புக் குழாய் விலை, கேஸ் சிலிண்டர் விலை, மலைச் சாலையில் வண்டி குடிக்கும் பெட்ரோல் எல்லாம் ஏறிவிட்டன. ஆண்டு ஒப்பந்தத்தின் தொகையில் மாற்றம் இல்லை. வருகை மட்டும் மூன்றுக்குப் பதில் இரண்டு. 'ஏசிக்கு வரியைக் குறைத்துவிட்டார்களே, நீங்கள் ஏன் ஏற்றுகிறீர்கள்?' என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது புது ஏசி விற்பனைக்கான ஜிஎஸ்டி. பழுது பார்க்கும் வேலைக்கு முன்பும் 18தான், இப்போதும் 18தான்.

இனி அந்தக் குரல் பதிவுக்கு வருகிறேன்.

ஜனவரி கடைசியில், உதகை சாலையில் விருந்தினர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில், குளிர் நாளில் அறையைச் சூடாக்கும் வெந்நிலை ஏசியில் சூடு வரவில்லை என்று அழைத்தார்கள். பதினோரு ஆண்டுகளாக எங்களிடம் வேலை கொடுக்கும் வீடு. போய்ப் பார்த்தோம், கேஸ் குறைந்திருந்தது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டுபிடித்தோம். நவம்பரில் நாங்கள் போட்ட இணைப்பு அது; அந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை. பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப்பை மாட்டி முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம். அப்போது கீழ்நாட்டிலிருந்து வந்திருந்த அவர்களுடைய உறவினர் ஒருவர், இந்தத் தொழில் தெரிந்தவர், மீட்டரைப் பார்த்திருக்கிறார். முள் 24-இல் நின்றிருந்தது. 'எங்கள் ஊரில் முள் கிட்டத்தட்ட 30 வரை இறங்கும். இவர்கள் வேக்குவத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேஸ் ஏற்றுகிறார்கள், அரை வேலைக்கு முழுக்காசு' என்று சொல்லிவிட்டார். அது குரல் பதிவாகி, விடுதி நடத்துபவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு குழுக்களுக்குப் போய், கடைசியில் என் மனைவியின் மகளிர் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் ஊரில் அது சரி. நம் ஊரில் அது தவறு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு எளிதில் வேகாது. கீழிருந்து மருமகளாக வருகிற பெண்கள் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே வர வர நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, அதன் அழுத்தமும் குறைகிறது. அதனால் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, பருப்பை வேகவைக்கும் சூடு அதில் இல்லை.

அந்த மீட்டரின் முள்ளுக்கும் இதே கதைதான். குழாய்க்குள் காற்று எவ்வளவு மிச்சம் என்பதை அந்த முள் நேராகக் காட்டுவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 30 அங்குலம். உள்ளே ஒன்றுமே இல்லாமல் உறிஞ்சிவிட்டால் முள் 30-இல் நிற்கும். மலையில் ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 29. ஆறாயிரம் அடியில் இருக்கும் நம் குன்னூரில் 24. உதகையில் 23. வெளியே இருப்பதே 24 அங்குலம் என்றால், உள்ளே முழு வெற்றிடம் ஆனாலும் முள் 24-ஐத் தாண்டிப் போக வழியே இல்லை. குன்னூரில் ஒருவர் மீட்டரில் 30 காட்டினால் அந்த மீட்டர்தான் பழுது. அன்று அந்த வீட்டில் முள் 24-இல் நின்றது, வேலை முழுதாக நடந்ததற்கான அடையாளம். பம்ப்பின் வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் பார்த்தோம், முள் அசையவில்லை. அதன் பிறகுதான் கேஸ் ஏற்றினோம்.

வெளிக்காற்று எப்படி இருந்தாலும் உள்ளிருப்பதை மட்டும் அளந்து காட்டும் டிஜிட்டல் மீட்டரும் எங்களிடம் உண்டு. அது 500 மைக்ரானுக்கு (மிச்சமிருக்கும் அழுத்தத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) கீழே இறங்கினால் குழாய் சுத்தம். அன்று அது உதகையில் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. இனி வேக்குவம் போடும் ஒவ்வொரு வீட்டிலும் அந்த மீட்டரை உங்களிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவோம்.

வேக்குவத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நம் ஊரின் மூடுபனி. திறந்த குழாய்க்குள் இங்கே ஈரம் உடனே புகுந்துவிடும். அந்த ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகும், சுருள் கம்பி அரிக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் கம்ப்ரஸர் போய்விடும். குளிர்ந்த நாளில் ஈரம் வெளியேறவும் நேரம் பிடிக்கும். கீழே இருபது நிமிடத்தில் முடிவதற்கு நாங்கள் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அந்தப் பதிவில் இன்னொரு வார்த்தையும் இருந்தது: 'வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் பிழைக்கிறார்கள்.' கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. நாங்கள் அழுத்தத்தைப் பார்த்துக் கேஸ் ஏற்றுவதில்லை, தராசில் நிறுத்து ஏற்றுகிறோம். ஆர்-32 கேஸ் நிரம்பிய ஏசி ஓடாமல் இருக்கும்போது, 30 டிகிரி வெயிலில் அழுத்த மீட்டர் 265 பிஎஸ்ஐ காட்டும். அதே ஏசி 10 டிகிரிக் குளிரில் 150-க்குப் பக்கத்தில்தான் காட்டும். ஒரு துளி கேஸும் குறைந்திருக்காது. கீழ்நாட்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு டிசம்பர் காலையில் கேஸ் ஏற்றினால் அளவுக்கு மேல் ஏற்றிவிடுவார்கள், பிறகு கம்ப்ரஸர் திணறும். அப்படி ஏற்றப்பட்ட ஏசிகளைக் காலி செய்து, மறுபடி நிறுத்து நிரப்பியிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆள் குறைந்திருக்கிற இந்த ஆண்டில், நீங்களே செய்யக்கூடிய சிலவற்றைச் செய்துவந்தால் எங்களை அழைக்க வேண்டிய நாட்கள் குறையும்.

நம் ஊரில் ஏசி குளிருக்காக ஓடுவதைவிடச் சூட்டுக்காகவும் ஈரத்துக்காகவும் ஓடுவதுதான் அதிகம். டிசம்பரிலும் ஜனவரியிலும் எங்களுக்கு வரும் அழைப்புகளில் மிகுதி ஒரே மாதிரி: 'அவுட்டோரில் புகை வருகிறது, சூடு நின்றுவிட்டது.' அது புகை இல்லை. சூடு கொடுக்கும்போது ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளுகிறது. அப்போது வெளியே இருக்கும் காயில், அதாவது சுருள் குழாய்தான் குளிர்கிறது. காந்தலிலும் தலைகுந்தாவிலும் உறைபனி விழுகிற விடியற்காலையில் அந்தக் காயில் மேல் பனி படிந்து காற்று புகாமல் அடைத்துக்கொள்ளும். ஏசி தானாகவே ஐந்து பத்து நிமிடம் வேலையைத் திருப்பி, வெளிக்காயிலைச் சூடாக்கிப் பனியை உருக்கும். அப்போது எழுவது நீராவி. உள்ளே விசிறி நிற்கும், 'உஸ்' என்று சத்தம் வரும், வெளியே தண்ணீர் வடியும். அணைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், கத்தியால் பனியைச் சுரண்டாதீர்கள். கால் மணி நேரம் கழித்தும் சூடு திரும்பாவிட்டால், அல்லது நாள் முழுவதும் பனி போகாமல் கட்டியாக நின்றால் எங்களை அழையுங்கள். குளிர்விக்க மட்டுமே தெரிந்த ஏசியை அந்தக் குளிரில் ஓட்டவே வேண்டாம். எவ்வளவு குளிர் வரை ஓட்டலாம் என்பது உங்கள் கையேட்டில் இருக்கும்.

மழை மாதங்களில் சுவரிலும் துணி அலமாரியிலும் பூஞ்சணம் பூக்கும்போது 'டிரை' நிலையில் ஓட்டுங்கள், கதவு ஜன்னலை மூடிவைத்து. அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் உள்ளே காயில் காய்ந்துவிடும். ஈர நாற்றம் வராது. ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவி நிழலில் காயவையுங்கள். அடுப்புப் பக்கத்தில் காயவைத்து வளைத்துவிட்ட ஃபில்டர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஐப்பசி மழையில் இடி இடித்தால் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

அவுட்டோரை மழைக்குப் பயந்து தார்ப்பாயால் சுற்றிக் கட்டுகிறீர்கள். அது மழையில் நனையத்தான் செய்யப்பட்டது. சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று துருப்பிடிக்கும், எலி குடிவந்து ஒயரைக் கடிக்கும். மேலே ஒரு தகடு போதும். வெலிங்டன் பக்கமும் உபதலைப் பக்கமும் காட்டெருமை வந்து உரசிப்போகிற வீடுகள் உண்டு. அங்கே தரையில் வைக்காமல் சுவரில் உயர்த்தி மாட்டிக்கொள்வது நல்லது. குழாயின் மேல் சுற்றியிருக்கும் கறுப்பு உறையைக் குரங்கு பிய்த்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

நன்றி சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2024 ஏப்ரலில் உதகையே 29 டிகிரியைத் தொட்டபோது, ஊரே ஏசி கேட்டது. மூன்று வாரம் காத்திருந்தீர்கள், ஒருவர்கூட வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. மண் சரிந்து சாலை மூடிய இரவில் எங்கள் பையன்களைத் திருப்பி அனுப்பாமல், களியும் அவரைக் குழம்பும் போட்டுப் படுக்க இடம் கொடுத்தது உலிக்கல்லில் ஒரு குடும்பம். குரல் பதிவு வந்த அன்றே கடைக்கு நேரில் வந்து, 'நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், இருந்தாலும் என்ன நடந்தது?' என்று கேட்ட அருவங்காட்டு ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கொடுத்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு தவிர எந்த நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். பம்ப்பையும் இரண்டு மீட்டர்களையும் மேசை மேல் மாட்டி வைத்திருக்கிறேன். உங்கள் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுகிறேன். அந்த உறவினர் மறுபடி மலைக்கு வந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். கோடை சீசன் தொடங்கிவிட்டால் மேலே வர குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று சாலையை ஒருவழியாக்கிவிடுவார்கள், நாங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் கோடை சர்வீஸ் வேண்டுபவர்கள் மார்ச் 20-க்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்,
மவுண்ட் ரோடு, குன்னூர்