பேராசிரியர்கள் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணித, அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும் என்ற கருத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் எதைக் கற்றுத்தரப் போகிறோம், எங்கே வைத்து, எத்தனை நாள் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் இதுவும் இன்னொரு மூன்று நாள் பயிற்சியாகவே முடியும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்ல, கருத்தாளர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நேரம் சுருங்குகிறது. சுருங்கும்போது முதலில் கழிபடுவது செய்முறை, அடுத்தது கேள்வி கேட்கும் நேரம். பள்ளி ஆசிரியரை வந்தடைவது பவர்பாயிண்ட் மட்டுமே.

பல்கலைக்கழகம் நேரடியாக வந்தால் இந்தக் கசிவு இருக்காது. ஆனால் அங்கே வேறொரு ஆபத்து உண்டு. பேராசிரியர்கள் தங்களுக்குத் தெரிந்ததை நடத்திவிட்டுப் போவார்கள். எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியருக்குக் குலக் கோட்பாடு (group theory) என்ற உயர்கணிதப் பிரிவில் இரண்டு மணி நேரச் சொற்பொழிவால் என்ன பயன்? பாடம் தெரிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று தெரிந்திருப்பது வேறொன்று. இரண்டாவதும் ஒரு தனித் துறையறிவுதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இலேயே எழுதிவிட்டார். பயிற்சி அதில்தான் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 1¾ ÷ ½. தலைகீழாக்கிப் பெருக்கி 3½ என்று விடை சொல்வது எளிது. இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு நடைமுறைச் சூழலைச் சொல்லச் சொன்னால், 'ஒன்றே முக்கால் கிலோ லட்டை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிக்கிறோம்' என்று தொடங்கிவிடுவது சுலபம். அது இரண்டால் வகுப்பது, அரையால் வகுப்பது அல்ல. 'ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்?' என்பதே சரியான கணக்கு. மூன்று பாட்டில் நிரம்பும், கால் லிட்டர் மிஞ்சும். இங்கேதான் பிள்ளைகள் '3¼' என்று எழுதுவார்கள். மிஞ்சிய கால் லிட்டர் அரைப் பாட்டில் என்பதை, அதாவது அலகு லிட்டரிலிருந்து பாட்டிலுக்கு மாறிவிட்டது என்பதை, ஆசிரியர் சொல்லியாக வேண்டும். 'ஒன்றே முக்காலில் எத்தனை அரை இருக்கிறது?' என்று தமிழில் கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும். கால், அரை, முக்கால் என்று பேச்சிலேயே பின்னம் புழங்கும் மொழி நம்முடையது. வகுப்பில் அதை ஏன் விட்டுவிடுகிறோம் என்று எனக்குப் புரிவதில்லை.

½ + ⅓ = ⅖ என்று எழுதும் பிள்ளையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முதல் தேர்வில் இரண்டு கேள்விக்கு ஒன்று சரி, அடுத்ததில் மூன்றுக்கு ஒன்று சரி, மொத்தம் ஐந்துக்கு இரண்டு சரி. அந்தக் கணக்கில் தவறே இல்லை. அது பின்னக் கூட்டல் அல்ல, அவ்வளவுதான். '⅖ அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?' என்று கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

தசமத்தில் இன்னும் நுட்பமான சிக்கல். 4.63, 4.8 இரண்டில் எது பெரியது? 63 பெரிது என்று நினைத்து 4.63 என்பவர்கள் ஒரு வகை. 'புள்ளிக்குப் பின் இலக்கம் குறைந்தால் எண் பெரிது' என்று நினைப்பவர்கள் 4.8 என்று சரியாகவே சொல்லி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். இவர்களைக் கண்டுபிடிக்க 5.62, 5.736 போன்ற இன்னொரு சோடி வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டெய்ன்லியும் இப்படி எண் சோடிகளை வைத்தே பிள்ளைகளின் தவறான எண்ணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்திடம் கேட்டுப் பெற வேண்டிய உதவி இந்த வகையானது.

அறிவியலுக்கு மேல்நிலை முதலாண்டின் தனி ஊசல் சோதனையே போதும். ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் (குண்டு ஒரு முறை போய்த் திரும்பும் நேரம்) அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவது அது; வர வேண்டிய விடை ஏறத்தாழ 9.8 மீ/வி². நூல், ஒரு கனமான குண்டு, கைப்பேசியில் நிறுத்துகடிகாரம், மீட்டர் அளவுகோல். ஒரு மீட்டர் நீளத்துக்கு அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. ஒரே ஒரு அலைவை அளந்தால், விரல் தட்டுவதில் 0.2 விநாடி பிசகினாலே பத்து சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்து வகுத்தால் அதே பிசகு அரை சதவீதமாகிவிடும். கடிகாரத்தைத் தட்டும்போது 'சுழி' என்று தொடங்காமல் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கினால், 19 அலைவுகளை 20 என்று எடுத்துக்கொண்டிருப்போம். புவியீர்ப்பு முடுக்கம் 10.9 என்று வரும். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் நூல் முடிச்சோடு நிறுத்தினால், 25 செ.மீ. ஊசலில் 2 செ.மீ. விடுபட்டு விடை 9.0 ஆகிவிடும். இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் போவதைக் கவனியுங்கள். வந்த விடையைப் பார்த்தே என்ன நடந்திருக்கும் என்று துப்புத் துலக்கலாம். ஆனால் பதிவேட்டில் 9.8 என்று எழுதச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. ஆசிரியர்கள் பயிற்சியில் தாங்களே இந்தப் பிழைகளைச் செய்து, அளந்து, காரணம் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு அரை நாள் தேவை. அரை மணி நேரத்தில் நடக்காது.

இந்தியாவில் இது நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு தன்னார்வ அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. டெல்லி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அடுத்த ஆண்டே சேர்ந்தார்கள். 1978-இல் மாவட்டம் முழுதும் பரவியது. கோடையில் மூன்று வாரப் பயிற்சி, அதோடு நின்றுவிடாமல் மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம், பள்ளிக்கே வந்து பார்ப்பது, சோதனைப் பெட்டி, புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் ஒன்றாக இருந்தன. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்தியது வேதனையான செய்தி. ஆனால் முப்பது ஆண்டுகள் ஓடியது என்பதே அது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்குச் சான்று.

இங்கே எப்படிச் செய்யலாம்? தேசியக் கல்விக் கொள்கை 2020 ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி என்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் என்றால் பத்து நாள். பத்தையும் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. மே மாதக் கடைசியில் நான்கு நாள், பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை என்று ஆறு நாள். ஒரு குழுவில் 25 ஆசிரியர்களுக்கு மேல் வேண்டாம். பக்கத்துக் கல்லூரியின் இயற்பியல் துறையோ கணிதத் துறையோ இரண்டு பேரை ஆண்டு முழுவதும் அந்தக் குழுவுக்கே விட வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆசிரியர் தம் வகுப்பின் பத்து நோட்டுகளைக் கொண்டுவரட்டும். பிழைகளை ஒன்றாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கட்டும். இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவே பேராசிரியர் ஒரு தடவையாவது பள்ளிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது பள்ளி ஆசிரியருக்குத்தான் தெரியும், ஆகவே அவரிடமிருந்து பேராசிரியர் கற்றுக்கொள்வதும் நிறைய இருக்கும். பி.எட். மாணவர்களின் இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சி 16 வாரம். அவர்களையும் இதே குழுவில் சேர்த்துவிடலாம்.

தடை வரப்போவது பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து. பள்ளிக்குப் போகும் நாள் பேராசிரியரின் பணிச்சுமையில் கணக்கு வைக்கப்பட வேண்டும், பதவி உயர்வுக்கும் எண்ணப்பட வேண்டும். ஆய்வுக் கட்டுரைக்கு மட்டுமே மதிப்பு என்ற நிலை நீடித்தால், ஆர்வமுள்ள ஓரிருவர் வருவார்கள், இரண்டாம் ஆண்டு அவர்களும் ஓய்ந்துவிடுவார்கள்.

தேர்வுத் துறையும் உடன் வர வேண்டும். செய்முறைத் தேர்வில் விடை 9.8-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, 'ஒரு மாணவருக்கு 10.9 வந்தது. எங்கே பிசகியிருக்கும்?' என்று ஒரு கேள்வியாவது வைக்கட்டும். அந்தக் கேள்வி வினாத்தாளில் வந்த ஆண்டிலிருந்து பயிற்சிக்கு ஆசிரியர்களை வற்புறுத்தி அழைக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு கணிதப் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி