விருந்தாளிக்கும் கண்மாயைத் திறந்துவிட்ட ஊருக்கு நன்றி

அம்பலகாரர் ஐயாவுக்கும், பெரிய வீட்டு ஆச்சிக்கும், அன்று எங்களோடு சேற்றில் நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

சித்திரையில் நம் கண்மாய் அழிந்த நாளன்று, அதாவது ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடித்த அன்று, நான் அழைத்து வந்திருந்த மூன்று நண்பர்களை நம் ஊர் தாங்கிய விதத்தை நினைத்து நினைத்து இதை எழுதுகிறேன். விடைபெறும்போதே சொல்லியிருக்க வேண்டும். வேன் வாசலில் நின்றது, மதுரை விமானத்துக்கு நேரமாகிவிட்டது, தொண்டையும் அடைத்துக்கொண்டது.

அவர்கள் யார், எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று அன்று பலர் கேட்டீர்கள். நின்று பதில் சொல்ல முடியவில்லை. நான் வேலை பார்க்கும் பெர்த் நகரம் ஸ்காட்லாந்தில் டே ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த நாட்டின் மிக நீளமான ஆறு அது. கடலில் வளர்ந்த சால்மன் மீன் முட்டையிடுவதற்காக அந்த ஆற்றில் எதிரேறி வரும். நம் பக்கம் புதுத்தண்ணீர் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் வரத்துக்காலில் ஏறுமே, அதைப் போல. ஆனால் ஆற்றுக்குள் நுழைந்த பிறகு சால்மன் இரை எடுப்பதில்லை. பசியே இல்லாத மீனை, இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டிச் சீண்டிப் பிடிப்பதுதான் என் நண்பர்கள் செய்வது. குளிர்ந்த தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, 15 அடிக் கம்பை இரண்டு கைகளாலும் வீசிக்கொண்டு பொழுதெல்லாம் நிற்பார்கள். ஒன்றும் படாத நாள்களே அதிகம். பட்டாலும் பெரும்பாலும் கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அந்த ஊருக்குப் போன முதல் வருடம், பேச ஆளில்லாமல் இருந்த என்னை ஆற்றுக்கு அழைத்துப்போய்க் கையில் கம்பைக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தக் கடனுக்குத்தான், எங்கள் கண்மாயை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன்.

வந்து இறங்கியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, அனுமதிக்கு யாரிடம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது. அவர்கள் ஊரில் சால்மன் பிடிக்கும் உரிமை ஒரு சொத்து. ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமைக்காரர் உண்டு. நாள் கணக்கில் பணம் கட்டித்தான் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டப்படியே குற்றம். அப்படிப் பழகியவர்கள் கேட்காமல் இருப்பார்களா? நான் அம்பலகாரர் ஐயாவிடம் வந்து நின்றேன். ஐயா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வந்தவர்கள் இறங்கட்டும் தம்பி. மீனுக்கு ஊர்ப்பெயர் தெரியுமா?" என்றார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மீன்பாசியை, அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமையை, ஏலம் விட்டிருந்தால் ஊர்ப் பொதுவுக்கு நல்ல தொகை வந்திருக்கும். கோயில் வேலை ஒன்று பாதியில் நிற்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏலம் விடாமல், கண்மாய் அழியும் வரை யாரும் தூண்டிலும் போடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துக் கண்மாயை விட்ட மனசுக்கு என் முதல் நன்றி. சிவகங்கைச் சீமையில் பல ஊர்களில் இந்த வழக்கம் இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கமும் இருக்கிறது. சின்ன வயதில் அதன் அருமை எனக்குத் தெரியவில்லை. காசு கட்டி ஆற்றில் இறங்கப் பழகிய பிறகுதான் தெரிகிறது.

பெரிய வீட்டு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது! முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டை எங்களுக்காகத் திறந்து, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை கழுவிவிட்டு, பட்டாலையில் பாய் விரித்து வைத்திருந்தீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறும் உடம்போடு படுத்தால்தான் வெயில் தெரியவில்லை என்று என் நண்பர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். காலையில் பித்தளைச் செம்பில் நீங்கள் கொடுத்த நீர்மோரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

முதல் நாள் மாலை, கரைக்குக் கீழே காய்ந்த தரையில் ஊத்தா பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியப்பாவுக்கு வணக்கம். மூங்கில் சிம்புகளைக் கூம்பாகக் கட்டிய அந்தக் கூடையை என் நண்பர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய், வேறு ஒன்றுமில்லை. "காலால் தேடு, கையால் ஊன்று, சிம்பில் முட்டுகிறதா என்று விரலால் கேள்" என்று சொல்லிவிட்டு, நீங்களே அவர்கள் கையைப் பிடித்து ஊன்றிக் காட்டினீர்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுமொழி கிடையாது. பாடம் முடிந்தபோது மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

மறுநாள் விடியற்காலை கரை முழுக்க ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கூட்டம். அம்பலகாரர் ஐயா சாமி கும்பிட்டு, மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிய சத்தம் இருக்கிறதே, அதைப் பதிவு செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை. டே ஆற்றிலும் ஜனவரி 15 அன்று பருவம் திறக்கும்போது கென்மோர் என்ற ஊரில் பைக்குழல் வாசித்து ஊர்வலமாகப் போய், படகின்மேல் விஸ்கி ஊற்றித் தொடங்குவார்கள். அது தண்ணீர் உறையும் குளிரில் நடக்கும். இங்கே இளஞ்சூடான தண்ணீர் கால் மணி நேரத்தில் தேநீர் நிறமாகிவிட்டது.

எங்களில் மூத்தவருக்கு முதலில் ஒரு கட்லா கிடைத்தது. ஊத்தாவின் சிம்பில் அது இரண்டு முறை முட்டியதும் அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல்வாய் வழியே தோள்வரை கையை விட்டுத் துழாவி, செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில், பழக்கதோஷத்தில், குனிந்து தண்ணீரில் விடப் போனார். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடாதீர்கள் ஐயா. இன்னும் இருபது நாளில் இந்தத் தண்ணீர் இருக்காது. இது கொக்குக்குத்தான் போகும்." நான் சொன்னதும் அவர் மீனைப் பார்த்தார், வெடித்துக் கிடந்த கரையோரச் சேற்றைப் பார்த்தார், அக்கா விரித்துப் பிடித்த பையில் மீனைப் போட்டார். நாற்பது வருடமாக மீனைத் திருப்பி விட்டவர் அவர். அக்கா, அந்த ஒரு வார்த்தையை அவர் ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் தெரியுமா?

அக்கா, நீங்கள் பிடித்த விராலைப் பார்த்துவிட்டு அவர் ஏதோ சொன்னாரே, அது இதுதான். டே ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. 1922இல் அதைப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண். அப்பா படகைத் துடுப்புப் போட, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கரை சேர்த்தார். இன்றுவரை பிரிட்டனில் அந்த எடையை யாரும் மிஞ்சவில்லை. "இந்த அம்மாவும் அந்த வரிசைதான்" என்றார் அவர்.

இளையவர் கையில் கெளுத்தி முள் ஏறியபோது நான் பயந்துவிட்டேன். வலியில் அவருக்கு உதடு வெளுத்துவிட்டது. டீக்கடை அண்ணன் ஓடிவந்து, பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்து, பிறகே அவர் கையை முக்கிவைத்தார். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கிவிட்டது. அவருடைய இருசக்கர வண்டியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியும் போட்டாயிற்று. காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்ட செவிலியர் அம்மாவுக்கும், அந்த நேரத்தில் கடையை அப்படியே விட்டுவந்த அண்ணனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் நால்வருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒரு கட்லாவும் மூன்று ஜிலேபிக் கெண்டையும். வீடு திரும்பியபோது பை கனத்தது. வழியில் யார் யாரோ கெண்டையும் குறவையும் இரண்டு விராலும் போட்டுவிட்டிருக்கிறார்கள். யாரென்று தெரியாததால் இங்கே பொதுவாகச் சொல்கிறேன். விராலைச் சாம்பல் தொட்டுக் கல்லில் உரசி, மண்சட்டியில் குழம்பு கூட்டிய சமையல்கார ஆச்சிக்கும், இரவெல்லாம் வேன் ஓட்டிய தம்பிக்கும் எங்கள் அன்பு.

கடைசியாக, கீழத்தெருத் தம்பிக்கு. முதல் நாள் மாலை என் நண்பர் கொக்கி இல்லாமல் வெறும் நூலைக் களத்தில் வீசிக் காட்டியபோது, அது காற்றில் வளையம் போட்டுப் போவதை நீ வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். சால்மன் பூச்சி கட்டுவதற்குப் பேர்போன இறகு, நம் தென்னாட்டு மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு என்று அவர் சொன்னதை நான் உனக்குச் சொன்னேன். அது காட்டில் பிடிக்கக் கூடாத பறவை, இப்போது அவர்கள் நாட்டிலேயே வளர்த்து எடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். மறுநாள் காலை நீ உங்கள் வீட்டுச் சேவல் உதிர்த்த செம்மஞ்சள் இறகு ஆறை ஒரு நோட்டுத்தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாய்.

போன வாரம் அவர் அதில் ஒன்றை எடுத்து, கறுப்பு நூலால் சுற்றிப் பூச்சி கட்டிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். மற்ற ஐந்தும் உன் நோட்டுத்தாளிலேயே அவர் பெட்டியில் இருக்கின்றன. ஜனவரி 15 அன்று ஆறு திறந்ததும் முதலில் போடப்போவது அதைத்தான் என்று சொல்லியிருக்கிறார். மீன் பட்டால் அன்றைக்கே உன் அப்பாவின் கைபேசிக்குப் படம் வரும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஊர்ப்பிள்ளை