கேவலாரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ், மரியாயே வாழ்க.

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியால் இம்முறை ஆவணித் திருவிழாவுக்கு மன்னார் மடு மாதா கோயிலுக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த கிழமையிலேயே, உங்களுக்காகவும் சேர்த்து, நான் கேவலாருக்குப் போய் வந்தேன். என் வேலைக்கும் உடல்நலத்துக்கும் குறையில்லை; ஆகவே இக்கடிதத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேவலார், ஜேர்மனியின் மேற்கே, நெதர்லாந்து எல்லைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். ஆகஸ்ட் மாதத்தில், மாதாவின் விண்ணேற்புத் திருநாளையொட்டி வரும் ஒரு சனிக்கிழமையில், நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். தமிழிலேயே பூசை நடக்கிறது. நெற்றியில் திருநீற்றோடு வந்திருந்த சைவக் குடும்பங்களும் எங்களோடு மெழுகுதிரி ஏற்றி நின்றன. மடுவிலும் அப்படித்தானே அம்மா.

மடு மாதாவைப் போன்ற ஒரு சுரூபத்தைத் தேடிச் சென்ற என் கண்களுக்கு, 1654ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அறுகோணச் சிற்றாலயத்தின் சாளரத்தில், உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு தாள் படமே தெரிந்தது. அது லக்சம்பேர்க் மாதாவின் அச்சுப்படம். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1641ஆம் ஆண்டில், நத்தாரை ஒட்டிய நாட்களில், ஹென்றிக் புஸ்மன் என்ற வணிகர் வழியோரச் சிலுவையடியில் செபிக்கும்போது, ‘இவ்விடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு’ என்று சொன்ன குரலைக் கேட்டார் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. படைவீரர்கள் விற்க வந்தபோது விலை கூடுதலென்று அவருடைய மனைவி வாங்காமல் விட்ட படத்தை, பின்பு ஓர் இரவில் பேரொளியின் நடுவே அந்த மனைவியே கண்டாராம். 1642 ஜூன் முதலாம் திகதி அந்தப் படம் அங்கே வைக்கப்பட்டது. காசில்லாத ஒரு வீட்டுப் பெண் ஆசைப்பட்டும் வாங்க முடியாத படத்தின் வடிவிலேயே மாதா வந்து நின்றதை நினைக்க நினைக்க என் மனம் உருகுகிறது.

அந்த மாதாவின் பெயர்தான் என்னை அழ வைத்தது. துயருறுவோரின் தேற்றரவு என்றே இங்கு அவரை அழைக்கிறார்கள். மாதா பிரார்த்தனையில் நீங்கள் ‘கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே’ என்று சொல்ல, நாங்கள் தூக்கக் கலக்கத்தில் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று இழுத்த மாலைகள் நினைவுக்கு வந்தன. இடம்பெயர்ந்து மடுக்கோயில் வளவில் தறப்பாளுக்குக் கீழே இருந்த நாட்களில், அந்த வரிக்கு வரும்போதெல்லாம் உங்கள் குரல் உடைந்து நிற்கும். அதற்குக் காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் புரட்டஸ்தாந்து சபைப் பெண்மணி ஒருவர், கடவுளுக்குரியதை மரியாளுக்குக் கொடுக்கிறீர்களே என்று உண்மையான கவலையோடு கேட்டார். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது என்றும், மாதாவுக்கு நாம் செலுத்துவது ஒரு தாய்க்குரிய வணக்கம் என்றும், அவரிடம் நாம் கேட்பதெல்லாம் நமக்காக அவருடைய மகனிடம் வேண்டிக்கொள்ளும்படியே என்றும் எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன். 1964ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் தாய் என்று அறிவித்ததையும் சொன்னேன். ஆனால் அவரைச் சிந்திக்க வைத்தது யோவான் நற்செய்தியின் வரிதான். சிலுவையில் தொங்கிய ஆண்டவர் ‘இதோ உன் தாய்’ என்று சொன்ன நேரமுதல், அந்தச் சீடர் மாதாவைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார் அல்லவா? அந்த வரியைத் தாமும் வீட்டில் வாசித்துப் பார்ப்பதாக அவர் சொன்னார்.

நானோ, மாதாவை மடுவிலேயே விட்டுவிட்டு வந்ததாகத்தான் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். கேவலாரில் வாங்கிய படங்களில் ஒன்றை என் அறையில், நீங்கள் தந்துவிட்ட செபமாலைக்கு மேலே வைத்திருக்கிறேன். மற்றதை இக்கடிதத்தோடு அனுப்புகிறேன். வீட்டில் மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். மாலையில் பிரார்த்தனை சொல்லும் நேரத்தை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அப்போது இங்கே பிற்பகலாக இருக்கும். வேலையிடத்தில் இருந்தாலும் ‘கஸ்திப்படுகிறவர்களுக்குத் தேற்றரவே’ என்ற அந்த வரியை உங்களோடு சேர்ந்து சொல்லுவேன்.

உங்கள் அன்பு மகன்