அந்தக் கைக்குட்டை என்னாச்சு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் நாவலில் கதாநாயகிக்கு வைத்த முத்துலட்சுமி என்ற பெயரைப் பதிப்பகத்தார் மாற்றச் சொல்கிறார்களாமே. 'மியா' என்று வைத்தால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வாயில் நுழையுமாம். நீயும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அப்பா, "அவள் புத்தகம், அவள் பாடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீ அலமாரியில் விட்டுப்போன ஜென்னி ஹான் நாவலை, 'டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிஃபோர்', அகராதியும் கையுமாக இரண்டு மாதம் உட்கார்ந்து படித்து முடித்தேன். அதில் வரும் லாரா ஜீன் பாதிக் கொரியப் பெண்; பிடித்த பையன்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் தொப்பிப் பெட்டியில் ஒளித்து வைக்கிறாள். மொத்தம் ஐந்து. ஒருநாள் அத்தனையும் தபாலில் போய்விடுகிறது! ஜென்னி ஹானும் சின்ன வயதில் அப்படி எழுதி ஒளித்துவைத்தவர்தானாம். அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் வளர்ந்த கொரியக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் படிக்கும்போதே எழுத ஆரம்பித்த முதல் நாவல் 2006இல் வந்திருக்கிறது. இது 2014இல்.

விடலைக் காதல்தானே என்று அலட்சியமாகத்தான் எடுத்தேன். பார்த்தால் பாதிக் கதை வீட்டுக்குள்ளேதான் நடக்கிறது. அம்மா இல்லாத மூன்று பெண்கள், அவர்களுடைய சண்டை, அடுப்பில் வேகும் கேக். காதல் நடுநடுவே எட்டிப் பார்க்கிறது.

படமாக்க வந்த ஒரு தயாரிப்பாளர், அந்தப் பெண்ணின் மனசைக் கொண்டுவந்தால் போதும், எந்த இனமாயிருந்தால் என்ன என்றாராம். அவள் மனசே ஆசிய அமெரிக்க மனசுதானே என்றிருக்கிறார் ஜென்னி ஹான். பேச்சு அதோடு முறிந்தது. ஆசியப் பெண்ணையே நடிக்கவைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நிறுவனம். அவர்களுக்கே கொடுத்தார். 2018இல் லானா கோண்டோர் நடித்து நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2022இல் தன் இன்னொரு கதையைத் தொடராக்கியபோது, நாவலில் அப்படி இல்லாத கதாநாயகி பெல்லியையும் பாதிக் கொரியப் பெண்ணாக்கிவிட்டார். இடம் கிடைத்ததும் காலை இன்னும் நன்றாக நீட்டியிருக்கிறார், கெட்டிக்காரி.

முத்துலட்சுமி உன் அப்பத்தா பெயர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் கணக்கு நோட்டின் பின்பக்கம் நீ எழுதிய கதையை நான் கிழித்துப் போட்டது உனக்கு மறந்திருக்காது. நானும் அரிசி டின்னுக்குப் பின்னால் மாலைமதியை ஒளித்துவைத்துப் படித்தவள்தான். ஆனாலும் பெற்ற பிள்ளை எழுதியதைப் பார்த்ததும் கை பதறிவிட்டது. உனக்குத் தெரியாதது என்னவென்றால், கிழிப்பதற்கு முன்னால் நின்றபடியே நாலு பக்கம் படித்துவிட்டேன். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பையனுக்குச் சைக்கிள் செயின் கழன்றுவிடும். கையெல்லாம் கிரீஸ். ஒரு பெண் பேசாமல் கைக்குட்டையை நீட்டுவாள். வாங்கலாமா வேண்டாமா என்று அவன் நிற்பான். அந்த இடத்தில் குக்கர் விசில் அடித்தது, எனக்குக் கோபமும் வந்துவிட்டது.

உன் புத்தகத்தில் அந்தச் சைக்கிள் வருகிறதா? அவன் வாங்கிக்கொண்டானா, இல்லையா?

அம்மா