செல்விக்கு, பிப்ரவரிக் கடைசியில்

அன்புள்ள செல்வி,

கடிதமும் படங்களும் வந்தன. பனிக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தச் சிவப்பு கார்டினல் பறவையைப் பேத்தி தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டாள். சிக்கடியைப் பற்றி நீ எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். அத்தனூண்டு குருவி, ராத்திரியில் உடம்புச் சூட்டைச் சுமார் 10 டிகிரி இறக்கிவிட்டுத் தூங்கி, விடிந்ததும் எங்கெங்கோ ஒளித்து வைத்த விதையை ஞாபகமாய்த் தேடி எடுக்குமாமே! ஆனால் எனக்கு உன்மேல்தான் ஆச்சரியம். டொராண்டோக் குளிரில் தினம் வெளியே போய்த் தீனி போடுகிறாய். அதையே இங்கே சிங்கப்பூரில் செய்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம் போடலாம், 2020இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். என் மாமியார் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. "செத்துப்போனவங்களுக்கும் அபராதமா?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "உங்களுக்கு ஏதடி குளிர்காலம்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் எழுதுகிற வரியா அது? பிப்ரவரி பிறந்தால் ரப்பர் இலை சிவந்து கொட்டுமே, பால் குறையுமே, நம் அம்மாக்கள் கையில் வாங்கும் காசும் கூடவே குறையுமே. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டில் பழைய ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. போன வாரம் போனபோது பாதி மொட்டை. உங்கள் ஊர்க் காட்டில் இலையில்லாத மாதங்களில்தான் பறவை நன்றாகத் தெரியும் என்பாயே, இங்கேயும் இந்தச் சில வாரங்களுக்கு அப்படித்தான். குரங்குக் கூட்டம் ஒன்று கிளைகளை உலுக்கிக்கொண்டு போக, பின்னாலேயே துடுப்புவால் கரிச்சான் ஒன்று, கலைந்து எழும் பூச்சிகளைப் பிடித்தபடி, வால் நுனியில் இரண்டு இறகும் தனியாக ஆட, கூடவே போயிற்று. குரங்குக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, விரட்டவும் இல்லை. அப்புறம் ஒரு கொலுகோ, அதுதான் தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் விலங்கு, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு. முன்னால் போனவர் காட்டியிருக்காவிட்டால் மரத்தில் முண்டு என்றுதான் நினைத்திருப்பேன்.

இன்னொன்று, உன் பறவைகள் குளிரைத் தாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன, எங்களிடம் இப்போது இருப்பவற்றில் பல குளிருக்குத் தப்பி வந்தவை. சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் பவளக்காலி, பச்சைக்காலி, பசிபிக் பொன் உப்புக்கொத்தி என்று கரைப்பறவைகள் எல்லாம் சேற்றைக் குத்திக் குத்தித் தின்கின்றன. உப்புக்கொத்திகள் சைபீரியா, அலாஸ்கா பக்கத்து ஆர்க்டிக் சமவெளியில் குஞ்சு பொரிப்பவை. இப்போது சாம்பலும் மஞ்சளுமாகத்தான் இருக்கின்றன, அடுத்த மாதம் வயிறு கறுக்கத் தொடங்கும், கொழுப்பு ஏறும், பிறகு கிளம்பிவிடும்.

எனக்குப் புரியாமல் இருந்தது இதுதான். உங்கள் கார்டினல் பிப்ரவரியில் பாட ஆரம்பிப்பது பகல் நீள்வதைப் பார்த்து. சிங்கப்பூரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் வெறும் 9 நிமிடம். வெயிலும் ஒரே வெயில். பிறகு கிளம்பும் நாள் இந்த உப்புக்கொத்திக்கு எப்படித் தெரிகிறது? உடம்புக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு வருஷத்தைக் கணக்கிடும் கடிகாரம் ஒன்று ஓடுகிறதாம், வெளியிலிருந்து குறிப்பு பெரிதாகக் கிடைக்காவிட்டாலும் அது நிற்பதில்லையாம். எனக்கோ அலாரம் வைத்தும் எழ முடிவதில்லை.

அதற்குத்தான் குயில் இருக்கிறது என்று இவர் கிண்டல் செய்கிறார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் மழைமரத்தில் ஒரு ஆண்குயில், விடிகாலை 5 மணிக்கு முன்பே கத்த ஆரம்பிக்கிறது. காக்கைக் கூடு எங்கே இருக்கிறதோ அங்கே அதுவும் இருக்கும், அதன் ஜோடி அந்தக் கூட்டில் முட்டையிட வேண்டுமே. எதிர்வீட்டுக்காரர் நகர மன்றத்தில் புகார் கொடுக்கப்போவதாகச் சொன்னார். ஊரில் குயில் கூவினால் ரசிப்போம், பத்தாவது மாடியில் சன்னலுக்கு நேராகக் கூவினால் புகார்!

முழங்கால் வலி பரவாயில்லை, மெதுவாக நடக்கிறேன். மகள் மே மாதம் வரச் சொல்லி உன்னிடம் கேட்டாளாமே, அப்போது வராதே, விருந்தாளிகள் எல்லாம் போயிருப்பார்கள். அக்டோபரில் வா. பஞ்சுருட்டானும் பழுப்புக் கீச்சானும் அதற்குள் திரும்பியிருக்கும். உன் பைனாகுலரைக் கொண்டுவா, என்னுடையதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது.

அன்புடன்,
மாலா