தளவாய் உயிரோடிருக்கிறான்

பார்வதிபுரம், நாகர்கோவில்
நவம்பர் 18

மக்கா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். உன் மகன் விட்டுப்போன ஃபைட்டர் மீன் தளவாய் உயிரோடிருக்கிறான். இதை எழுதும்போதும் எதிரே செவுளை விரித்துக்கொண்டு என் பேனாவோடு சண்டைக்கு நிற்கிறான். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அவனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உன் போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான். "ஆபீசில் ஆடிட்" என்று செய்தி அனுப்பியது பச்சைப் பொய். உன் மகன் போட்டோ கேட்டபோது அனுப்பியதும் ஆகஸ்ட்டில் எடுத்த பழைய போட்டோ. பத்து வயசுப் பையனை ஏமாற்றிய பாவம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மைக்கு முட்டுவலி தேவலை. உன் விளையில் தேங்காய் வெட்டியாயிற்று, கணக்கு தனியாக அனுப்புகிறேன், விலையைப் பார்த்து என்னைத் திட்டாதே. நாம் ரேடியோ என்று பட்டப்பேர் வைத்த வாயாடியின் மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை பேசவே மாட்டானாம், நல்ல பொருத்தம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைத்துனன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. உன் மகன் விட்டுப்போன அந்த மூன்று லிட்டர் கண்ணாடிப் பவுல் வழுவழு என்று பாசி பிடித்து, தண்ணீர் கலங்கி, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. சரி, நன்றாகக் கழுவிவிடுவோம் என்று கிளம்பினேன். நான் ஒரு வேலையை 'நன்றாக' செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்று உன் அப்பாவின் ராஜ்தூத் பைக்குக்குத் தெரியும்.

தளவாயை ஒரு டம்ளரில் கோரி வைத்தேன். பவுலையும் கூழாங்கல்லையும் பின்கட்டுக்குக் கொண்டுபோய், பாத்திரம் தேய்க்கிற சோப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்து, மூன்று முறை அலசினேன். வைரம் போல மின்னியது. நேராகக் குழாயடியில் பிடித்து நிரப்பி, அவனை உள்ளே விட்டேன். மழைக்காலம் என்பதால் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. நமக்கு வயிற்றுக்குக் கேடு வராமலிருக்கப் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். மூக்கில் ஏறிய வாசம் என் மண்டைக்கு ஏறவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அங்குமிங்கும் பாய்ந்தான். குஷியாக இருக்கிறான் என்று மைத்துனன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரைமணி நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். விளக்கு வைக்கிற நேரத்தில் நிறம் வெளுத்து, கல்மேல் ஒருக்களித்துக் கிடந்தான்.

வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "அதுக்குத்தானே நேத்தே வாளியில தண்ணி பிடிச்சு தெறந்து வச்சேன்? கண்ணு எங்க வச்சிருந்தீய?" என்றாள். வாளி அவ்வளவு நேரமும் என் காலடியில்தான் இருந்தது. கால் கழுவியதுகூட அதில்தான். நல்லவேளை, மொண்டுதான் கழுவினேன்.

அந்த வாளித் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, அவனை டம்ளரோடு மாற்றினேன். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தைத் தள்ளிப் பிடித்து, செவுள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையும், நிற்கும், நிற்கிறதோ என்று நினைக்கும்போது மறுபடி அசையும். ஆஸ்பத்திரியில் உன் அப்பா பக்கத்தில் நீயும் நானும் மாறி மாறி உட்கார்ந்து போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தோமே, அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. ஒரு மீனுக்கு இவ்வளவா என்று நீ சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை.

காலையில் கடை திறக்கும்போதே வடசேரியில் போய் நின்றேன். மீன் கடைப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. "அண்ணே, அழுக்கு அவனைக் கொல்லல்ல. நீங்க கழுவுனதுதான் கொல்லப் பாத்துச்சு" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே கேட்டுக்கொள், ஏனென்றால் நீ ஷார்ஜாவில் இன்னொரு ஃபைட்டர் வாங்கிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே. மீனின் கழிவும் அது தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியா ஆகும். அது விஷம். ஆனால் கல்லிலும் கண்ணாடியிலும் வழுவழுப்பாகப் பிடிக்கிறதே, அதில் ஒரு வகை பாக்டீரியா குடியிருக்கும். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அதை ஓரளவு மீன் தாங்கிக்கொள்ளும். இந்தக் குடித்தனம் உருவாக வாரக்கணக்கில் ஆகுமாம். நான் சோப்புப் போட்டு ஒரே மத்தியானத்தில் மொத்த ஊரையும் காலி செய்துவிட்டேன். கல்லில் ஒட்டிய சோப்பு ஒரு பக்கம், செவுளை அரிக்கிற குளோரின் இன்னொரு பக்கம்.

மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி என்பதால்தான் அவன் தாக்குப்பிடித்திருப்பான் என்றான் பையன். செவுளுக்கு மேலே தனியாக ஒரு காற்று உறுப்பு உண்டாம். நம் வயல் வாய்க்காலில் ஈரச் சாக்குக்குள் மணிக்கணக்காகத் துள்ளிக்கொண்டிருக்குமே பனையேறி மீன், அதற்கும் இதே உறுப்புதான். 1797-இல் தரங்கம்பாடியிலிருந்த ஒரு டேனிஷ்காரர் அது பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாம் அதைச் சொன்னபோது சார் நம்பவில்லை, பிரம்புதான் கிடைத்தது.

பழைய கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் கல்லும், மூடியுள்ள இருபது லிட்டர் தொட்டி ஒன்றும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கினேன். மூடி முக்கியம், இந்தச் சவம் குதிக்கும். ஆன்டி குளோரின் என்று ஒரு சொட்டு மருந்து, குப்பியில் போட்டிருக்கிற அளவுப்படி புதுத் தண்ணீரில் விட வேண்டும். பாக்டீரியா திரும்ப வரும்வரை தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றச் சொன்னான். மாற்றினேன். ஆபீசுக்கு லேட்டாகப் போனதற்கு அந்த ஒரு காரணம் மட்டும் உண்மை.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை ஐந்து லிட்டர்தான் மாற்றுகிறேன். அவனை வெளியே எடுப்பதே இல்லை. கையைச் சோப்பில்லாமல் அலசிக்கொள்வேன். ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஏர் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு நுனியையும் பெருவிரலால் அடைத்து, ஒரு நுனியைக் கல்லுக்கிடையிலும் மற்றதைக் கீழே வாளியிலும் விட்டால் கழிவெல்லாம் இறங்கிவிடும். வாயால் உறிஞ்சாதே, பெட்ரோல் குடித்த உனக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்பாஞ்சை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே பிழிந்துவிட்டு மறுபடி மாட்டவேண்டும், குழாயில் காட்டவே கூடாது. புதுத் தண்ணீர் பழைய தண்ணீரின் சூட்டிலேயே இருக்க வேண்டும். அம்மை குழந்தை குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கை விட்டுப் பார்த்துத் தருகிறாள். இறக்கிய தண்ணீர் அவளுடைய ரோஜாச் செடிக்கு. அது துளிர்விட்டதிலிருந்துதான் அவளுக்கு மீன்மேல் பாசம்.

எப்போதாவது எடுத்தே ஆகவேண்டும் என்றால் வலை போடாதே, செட்டை கிழியும். டம்ளரால் கோரி, மேலே ஒரு தட்டை மூடிவை.

இங்கே ஹீட்டர் வேண்டாம், நம் ஊர் வெயில் போதும். உன் வீட்டில் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் கிடப்பாயே, அங்கே கட்டாயம் வேண்டும். 25, 26 டிகிரியாவது இருக்கட்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரையும் அணைத்துவிடு, தண்ணீருக்கு வெளியே சூடானால் அதன் கண்ணாடி வெடிக்கும். தீனி உருண்டை காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. அவன் வயிறு அவன் கண்ணளவுதான். உன் மகன் பாசத்தில் கொட்டுவான், பார்த்துக்கொள்.

இன்னொன்று. நம் பள்ளிக்கூடத்து வாதாம் மரம் இன்னும் நிற்கிறது. கொட்டை உடைத்துத் தின்ற கல்லைக்கூடத் தேடினேன். காய்ந்து விழுந்த சிவப்பு இலை நாலைந்து பொறுக்கி வந்து, அலசி, ஒன்றைத் தொட்டியில் போட்டேன். தாய்லாந்தில், இந்த மீனின் சொந்த ஊரில், வளர்க்கிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். 2019-இல் இவனைத் தேசிய நீர்வாழ் உயிரினம் என்றே அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மை பார்த்துவிட்டு, "எல, வெள்ளம் நாறிப்போச்சு, நான் நல்லா கழுவித் தாறேன்" என்று தொட்டியைத் தூக்கப் போனாள். நான் யாருக்குப் பிறந்தவன் என்று ரேடியோ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது.

நிறம் முழுக்கத் திரும்பிவிட்டது. போன வாரம் ஒரு மூலையில் நுரைக்கூடு கட்டினான். வால் ஓரம் மட்டும் இழை இழையாகப் பிய்ந்து, இப்போது புதுச் செட்டை கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் வளர்கிறது. போட்டோ எடுத்தால் உன் மகன் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பான், அவன் கண் அப்படி.

அவனிடம் சொல்லலாமா வேண்டாமா, நீதான் சொல்ல வேண்டும். சொல்வதானால் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை எடுப்பேன்.

உன்,
ஆடிட் ஆபீசர்